நாவற்குடா பாரும் சித்தாண்டிச் சீதனமும்

ஏறாவூர் ஈந்த ஏந்தலே, சட்டத்தைச் சுமந்தும் சிரிப்பைச் சிந்தாத செம்மலே, முப்பத்து நான்கு ஆண்டுகள் மதுவோடு மல்லுக்கட்டியும் அதன் மணமன்றிச் சுவையறியாத மாண்பே, இன்று ஓய்வுபெறும் எங்கள் மதுவரி நிலையப் பொறுப்பதிகாரி அல்ஹாஜ் ஆதம்பாவா அவர்களே, வணக்கமும் ஸலாமும்.

மடல் என்றால் குணங்களை வரிசைப்படுத்த வேண்டும். நேர்மை, நிதானம், நேரந்தவறாமை என்று மூன்றை எழுதுவதற்குள், "இதெல்லாம் சம்பளத்துக்குள்ள அடங்கினதுதானே தம்பி" என்று பேனையைப் பறித்துவிடுவீர்கள். ஆகவே, உங்களை முன்னால் இருத்திக்கொண்டு, உங்கள் பணிக்காலத்தில் நடந்த ஒன்றை இச்சபைக்குச் சொல்லிவிடுகிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அதிகாரிக்கு ஒரு கல்யாணக் கார்டு வந்தது. மணமகள் யசோதினி, நாவற்குடாவில் பார் நடத்தும் இளையதம்பியின் ஒரே மகள். மணமகன் ரதீஸ், அந்தப் பாருக்கும் இன்னும் பல பார்களுக்கும் பியர் விநியோகிக்கும் விஜிதரனின் ஒரே மகன். மற்றவர்கள் கார்டில் முகூர்த்த நேரம் பார்ப்பார்கள். எங்கள் அதிகாரி இரு தகப்பன்மாரின் பெயர்களையும் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

உரிம நிபந்தனை ஒன்று உண்டு. விநியோகிப்பவர் சில்லறைக் கடையில் பங்கு கொள்ளவும் கூடாது, கடைக்காரருக்கு அன்பளிப்புக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் கடை முழுவதும் அவர் சரக்கே நிறையும். மற்றவர் சரக்கு வாசலோடு திரும்பும். ரதீஸோ தகப்பனின் கம்பனியில் பங்காளி. மட்டக்களப்பு வழக்கப்படி பெண்ணுக்கு வீடு சீதனம், மாப்பிள்ளை அங்கேதான் குடியேற வேண்டும். இளையதம்பியின் வீட்டுக்குக் கீழ்த்தட்டு பார், மேல்தட்டு குடும்பம், இரண்டுக்கும் ஒரே உறுதிப் பத்திரம். அந்த உறுதியை மகள், மருமகன் இருவர் பெயரிலும் எழுத நாள் குறித்தாயிற்று. எழுதினால் பியர் விநியோகிக்கும் ரதீஸ் பாருக்கும் பங்காளி.

அதிகாரி நேரே நாவற்குடாவுக்குப் போனார்.

"சேர், என்ட மகள்ட கல்யாணத்துக்கும் லைசனுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் இளையதம்பி.

"அந்தச் சம்பந்தம்தான் அண்ணன் பிழை" என்றார் எங்கள் அதிகாரி.

அவர் பகிடி விடவில்லை. அவருக்குப் பகிடி வராது என்பது இச்சபை அறிந்ததே.

மறுநாள் விஜிதரன் நிலையத்துக்கு வந்தார். "கம்பனியில இருந்து மகன எடுக்க ஏலா சேர். அவன விட்டா எனக்கு ஆர் இரிக்கி?" என்றார். இளையதம்பியோ, "பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்காம நான் எந்த முகத்தோட ஊருக்குள்ள நடக்கிற?" என்றார். இருவரும் தத்தம் மானத்தில் நிற்க, கல்யாணம் நடுவில் நின்றது. முகூர்த்தத்துக்குப் பதினொரு நாட்கள் இருந்தன. பந்தற்கால் நட்டாகிவிட்டது.

சட்டத்தைச் சொன்னதோடு கடமை முடிந்ததென்று இருந்திருக்கலாம். ஆனால் அதிகாரிக்கு மூன்று பெண்மக்கள். மூவருக்கும் ஒரே வளவுக்குள் வீடு கட்டிக் கொடுத்தவர். ஒரு பெண்ணின் பந்தற்காலைத் தன் கையெழுத்து பிடுங்கப் போகிறதே என்ற நினைப்பில் அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து, சீருடையில்லாமல், சாரனோடு மறுபடி நாவற்குடாவுக்குப் போனார். அங்கே இளையதம்பி நிபந்தனையைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் யசோதினி உள்ளிருந்து வந்தாள்.

"அப்பா, நான் சோதினைக்குப் படிக்கக்குள்ள கீழ வெறிகாரர் பாடின பாட்டெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். படிச்ச பாடம்தான் ஒண்டும் நினைவில்ல. இந்த வீடு எனக்கு வேணாம். சித்தாண்டியில அம்மாட வீடு சும்மாதானே கிடக்கு? அதையும் வட்டையில ரெண்டு ஏக்கர் வயலையும் தாங்க. போதும்."

"இத ஏன்கா முதல்லயே சொல்லல்ல?" என்றார் தகப்பன்.

"நீங்க கேக்கல்லியே."

இளையதம்பி மேல்தட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அந்த வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்தோணும்" என்றார். சம்மதம் என்று அதற்குப் பொருள்.

கல்யாணத்தன்று இன்னொரு சோதனை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு லொறி பெண்வீட்டுப் படலையில் வந்து நின்றது. விருந்துக்கு வந்த அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன தம்பி?"

"அன்பளிப்பு, சேர்" என்றார் சாரதி.

பியர் என்று சொல்லியிருந்தாலும் கேள்வி மட்டும் கேட்டிருப்பார். நிபந்தனையில் உள்ள சொல்லையே அவர் உச்சரித்துவிட்டார். லொறி வந்த வழியே திரும்பியது. கல்யாணத்துக்காகக் கீழ்த்தட்டு பாரும் அன்று பூட்டு. இரண்டு மது வியாபாரிகள் சம்பந்தம் செய்த கல்யாணம் நன்னாரிச் சர்பத்தோடு நடந்தேறியது. மாப்பிள்ளையின் மாமன்மார் ஒவ்வொருவராக "பஸ் பாத்திட்டு வாறம்" என்று எழுந்து போய், அடுத்த சந்தியிலுள்ள வேறொரு பாரில் ஒன்றுகூடினர். அங்கே கிடைத்தது விஜிதரனின் போட்டிக் கம்பனிச் சரக்கு. சந்தையில் சமமான போட்டி நிலவ வேண்டும் என்ற சட்டத்தின் நோக்கம் எங்கள் வட்டாரத்தில் முழுமையாக நிறைவேறியது அன்றுதான்.

மாலையில் பெண் புறப்பட்டாள். அந்தக் குடும்பத்தில் கல்யாணம் முடித்த அன்றே வீட்டை விட்டுப் போன முதற்பெண் அவள். இளையதம்பி அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சட்டம் எண்டு வந்து என்ட புள்ளையக் கொண்டு போயிட்டீங்களே சேர்."

மூன்று மகள்மாரையும் கூப்பிடு தூரத்தில் வைத்திருப்பவர், "சித்தாண்டிக்கு நேர பஸ் இரிக்கி அண்ணன்" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் பார்களைப் பூட்டச் சொல்லி எங்கள் நிலையத்தில் அதிகம் ஏச்சு வாங்கியவர் எங்கள் அதிகாரி. அதிகம் ஏசியவர் இளையதம்பி. இப்போது போயாவுக்கு முந்தின நாளே அவர் பூட்டுக்கு எண்ணெய் போட்டுவிடுகிறார். விடியற்காலை முதல் பஸ்ஸில், பேரப்பிள்ளைக்குப் பனங்காய்ப் பணியாரத்தோடு, சித்தாண்டி. போன மாதம் நிலையத்துக்கு அவரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

"சேர், மாசத்துக்கு இன்னொரு போயா வைக்கச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுத ஏலாதா?"

எங்கள் அதிகாரி, வழமைபோல் சிரிக்காமல், "எழுதித் தாங்க அண்ணன், அனுப்புவம்" என்றார்.

ஐயா, உப்பேறும் காலத்திலும் நன்னீர் நிறையும் காலத்திலும் வற்றாத எங்கள் வாவிபோல் உங்கள் உடல்நலமும் வற்றாதிருக்கட்டும். மக்களும் மருமக்களும் சூழ, எந்த லொறியையும் மறிக்கத் தேவையில்லாத மாலைகள் உங்களுக்கு வாய்க்கட்டும். இளையதம்பியின் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. உங்கள் மேசையில் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. நான்கு மணிக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கண்டிப்பில் வளர்ந்த
மதுவரி நிலைய உத்தியோகத்தர்கள்
மட்டக்களப்பு