‘பித்தானியே மோசம்’ என்றார் சாய்கல் எஜே

மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் நம் நிறுவனத் தலைவர் குபானிச் அவர்களே, நாம் எல்லோரும் ‘எஜே’, அதாவது அக்கா, என்று அழைத்த சாய்கலின் கணவர் துர்தாகுன் அவர்களே, பட்டறைத் தோழர்களே, சமையற்கூடத்துப் புருல்சா அவர்களே, பனிச்சேற்றில் வண்டி மாறி மாறி வந்து கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் தாஷ்-புலாக் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எஜே மறைந்த நாற்பதாம் நாள் விருந்தை முடித்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம். எஜேயின் பக்கத்து மேசைக்காரியான என்னைப் பேசச் சொன்னார்கள். நான் வாயைத் திறந்தால், “சுருக்கமாப் பேசு ஜீபெக், கேக்கறவனும் மனுசன்தானே!” என்று அதட்ட இன்று இந்த மண்டபத்தில் ஆள் இல்லை. அந்த அதட்டலுக்காக ஏங்குகிறேன்.

பொறியாளர் சாய்கல் ஜொல்தோஷெவா யார்? அவர் வாங்கிய விருதுகளைத் தலைவர் வாசித்துவிட்டார். எனக்குத் தெரிந்த சாய்கல் வேறு. ஒரு மின்சுற்றுப் பலகை வேலை செய்யவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? சிப்பைத் திட்டுவோம். நிரல் எழுதியவனைத் திட்டுவோம். பாகம் விற்ற கடைக்காரனை, அவன் பாட்டன் வரைக்கும் திட்டுவோம்! எஜே யாரையும் திட்டமாட்டார். “முதல்ல அதுக்குச் சாப்பாடு ஒழுங்காப் போகுதான்னு பாருங்க” என்பார்.

நம் பட்டறைப் பையன் நுர்தோலோத்தை அவர் உட்கார வைத்துக் கேட்டது நினைவிருக்கிறதா? ஒரு வானிலைக் கருவி செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சமயம் அது.

“மீட்டர் வெச்சுப் பாத்துட்டேன் எஜே. மூணு புள்ளி மூணு வோல்ட்டு, சும்மா கிண்ணுனு நிக்குது.”

“எங்க வெச்சுப் பாத்த?”

“சப்ளை வெளிய வர்ற எடத்துல.”

“அடுப்படியில சட்டி நெறைய இருந்தா, பந்தியில கடைசி ஆளு சாப்ட்டுட்டான்னு அர்த்தமா? சிப்போட கால்ல வெச்சுப் பாருடா.”

“அங்கயும் அதேதான் எஜே!”

“அது சும்மா உக்காந்திருக்கறப்பப் பாத்திருப்ப. ரேடியோ பேசற நேரத்துல பாரு. மீட்டர் மந்தம், அதுக்குப் பிடிபடாது. அலைகாட்டிய எடுத்துட்டு வா.”

அலைகாட்டியில் பார்த்தோம். ரேடியோ செய்தி அனுப்பத் தொடங்கிய கணத்தில் மின்னழுத்தக் கோடு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் சிப் மயங்கி, விழித்து, தான் யார் என்பதையே மறந்து முதலிலிருந்து தொடங்கிவிட்டது. தடித்த கம்பி போட்டு, சிப்பின் காலடியிலேயே ஒரு பெரிய மின்தேக்கியை வைத்தார் எஜே. கருவி அன்றோடு திருந்தியது. நுர்தோலோத் மட்டும் இன்னும் திருந்தவில்லை. அது வேறு கதை.

இத்தனையும் கற்றுத்தந்தாரே, கற்றுக்கொண்டோமா? தாஷ்-புலாக்குக்கு மேலே இருக்கும் பனி ஏரிக்கு எச்சரிக்கைக் கருவி செய்தோமே, அதில் கற்றதைக் காட்டினோமா? ஏரி உடைந்தால் கீழே ஊர் எழுந்து ஓட ஒரே வழி, அந்தக் கருவி ரேடியோவில் சொல்லி ஊரில் அபாயச் சங்கு ஊதுவதுதான். பட்டறை மேசையில், சுவர் மின்சாரத்தில், அது அழகாக ஊதியது. கைதட்டினோம். சென்ற இலையுதிர்காலத்தில் மேலே கொண்டுபோய்ப் பொருத்தினோம். ஊரில் நாடா வெட்டினோம். படம் எடுத்துக்கொண்டோம். எஜே அந்தப் படத்தில் இல்லை. இதய நோயோடு மருத்துவமனையில் படுத்திருந்தார்.

மேலிருந்து வந்த செய்திகள் பாதியிலேயே அறுந்தன. ஆன்டெனாதான் கோளாறு என்று நாம் கூட்டம் போட்டுப் பேசினோம். எஜே படுக்கையிலிருந்து நுர்தோலோத்திடம் ஒரே கேள்வி கேட்டார்: பேட்டரியை எங்கே வைத்தாய்? காற்று படாமல் பாறை இடுக்கில் வைத்து, நீளமாகக் கம்பி இழுத்திருப்பதாக அவன் பெருமையோடு சொன்னான். எஜே யோசித்தார். மறுநாள் தலைவரிடமே தொலைபேசியில் பேசினார்.

“குபானிச், பித்தானியே மோசம். உடனே பாருங்க. இல்லன்னா தாங்காது.”

அவ்வளவுதான். தாதி தொலைபேசியைப் பிடுங்கிவிட்டாள்.

பித்தானியே! என்ன பாழாய்ப்போன ரஷ்யச் சொல் இது! வயிற்றுக்குப் போகும் உணவுக்கும் அதே சொல், பலகைக்குப் போகும் மின்சாரத்துக்கும் அதே சொல். நாள் முழுக்க மின்சாரத்தைக் குறித்தே அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும் நாம், அன்றைக்கு மட்டும் அதைச் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டோம். தலைவர் சமையற்கூடத்துக்கு ஓடினார். “புருல்சா, எஜேவுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு எறங்கலையாம்!” அவ்வளவுதான், பட்டறையே கரண்டி பிடித்தது. ஆட்டுக்கறி வெந்தது. மாவு உருண்டைகள் எண்ணெயில் பொரிந்தன. குதிரைக்கறித் தொத்திறைச்சிக்கு நுர்தோலோத் சந்தை முழுவதும் அலைந்தான். அன்பில் குறை வைத்தோமா? இல்லையே! அதுதானே என் நெஞ்சை அறுக்கிறது!

மறுநாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“என்னடி இது? கல்யாண விருந்தா?”

“நீங்கதானே எஜே பித்தானியே மோசம்னீங்க!”

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாதி வந்து திட்டும் வரை சிரித்தார். “இங்க போடற கஞ்சி நல்லாத்தான்டி இருக்கு. நான் சொன்னது ஏரிக் கருவிய, மண்டுகளா! அவ்வளவு நீளக் கம்பி, அந்தக் குளிருல பேட்டரி. ரேடியோ வாயத் தெறந்தா சிப்பு மயங்கி விழாம என்ன செய்யும்?” சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏரிக்குப் போற கணவாய் பனியில மூடியிருச்சா?”

“இன்னைக்குக் காலைலதான் எஜே.”

நமக்கு மிச்சமிருந்த ஒரே நாளைக் கறி வேகவைத்துக் கழித்திருந்தோம்.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “போகட்டும். குளிர்காலத்துல ஏரி உறைஞ்சு கெடக்கும், பயமில்ல. கணவாய் தெறந்ததும் மேல போயிருங்க. ஆனா தாஷ்-புலாக்காரங்ககிட்ட இப்பவே சொல்லிருங்க. சங்கு ஊதும்னு நம்பிப் படுத்திருப்பாங்க, பாவம்.”

சொன்னோமா? நாடா வெட்டிய கையோடு யார் போய்ச் சொல்வது? அவர் சொல்வார் என்று இவரும், இவர் சொல்வார் என்று அவரும் இருந்துவிட்டோம். பார்க்கப் போகும்போதெல்லாம் எஜே கேட்பார், “சொல்லியாச்சா?” கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டார். பக்கத்தில் நின்ற தலைவர், “சொல்லியாச்சு எஜே” என்றார். போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் சொன்னார், எனக்குப் புரிகிறது. எஜே கண்ணை மூடித் தலையசைத்தார். ஒரு பொய்யை நம்பிக்கொண்டு போய்விட்டாரே! சுற்றின் கடைசிப் புள்ளி வரை அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத அந்தப் பெண்மணி, நம்மை நம்பிவிட்டாரே!

இன்று காலை நடைபாதையில் தலைவர் என் கையைப் பிடித்தார். “அத இன்னைக்குச் சொல்ல வேணாமே ஜீபெக். துக்கத்துக்கு வந்தவங்கள எதுக்குக் கலவரப்படுத்தணும்?” தலைவர் அவர்களே, மன்னித்துவிடுங்கள். அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும் நாள் இன்றைக்கு விட்டால் எப்போது வரும்?

கணவாய் நேற்றுத் திறந்துவிட்டது. நானும் நுர்தோலோத்தும் நாளை விடியலில் மேலே போகிறோம். தடித்த கம்பியும் மின்தேக்கிகளும் கட்டி வைத்தாயிற்று. பேட்டரி குளிர்ந்திருக்கும்போது, ரேடியோ பேசும்போது, சிப்பின் காலில் வைத்து அளப்போம். உங்கள் காதில் சங்கொலி விழாமல் இறங்கி வரமாட்டோம். சாய்கல் எஜேயின் பெயரால் இந்தப் பட்டறை தரும் வாக்கு இது.

ஆனால் தாஷ்-புலாக் மக்களே, இன்றைக்கு அந்தச் சங்கு ஊதாது. ஏரி உருகத் தொடங்கிவிட்டது. ஆற்றோர வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை மேட்டு வீடுகளுக்கு ஏற்றுங்கள். கூட்டம் முடியும்வரை இருக்க வேண்டாம், நம் நிறுவன வண்டி வாசலில் நிற்கிறது. எழுந்து போங்கள். எஜே தப்பாக நினைக்கமாட்டார்.