குளியலறைச் சுவரில் இருந்த ஓட்டை

வாடகைக்கு இருப்பவர்கள் சொல்லும் வேலையை நான் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை, ஐயா. குழாய் சொட்டுகிறது என்றால் அன்றைக்கே வாஷர் மாற்றிவிடுவேன். கதவு இழுத்துப் பிடிக்கிறது என்றால் இழைப்புளியோடு போய் நிற்பேன். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்று சேர்த்துச் சொல்லாமல் போனது பெரிய குறை. கட்டுகிற கஷ்டம் ஒருமுறைதான். விடுகிற கஷ்டம் ஆயுசுக்கும்.

என் வீட்டில் குடியிருந்த தையல்காரம்மா இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். தன் மகளைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை போய் ஒன்றரை வருஷம் கழித்து இப்படி வந்து நிற்கிறாளே, புத்தி பேதலித்துவிட்டதா என்று உங்களுக்குச் சந்தேகம். வீட்டுக்காரன் என்ற முறையில் நடந்ததை நான் எழுதிக் கொடுத்தால் போதும், வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். வீடு இருந்தால் போகலாம். போன மாதம் வங்கிக்காரர்கள் வந்து பூட்டிவிட்டார்கள். எனக்கு அவசரமில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் பம்ப் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை வைத்தும், மீதிக்கு வங்கியில் கடன் வாங்கியும் அந்த மாடி வீட்டை வாங்கினேன். பழைய வீடு, ஆனால் கல் போன்ற சுவர். மேலே நானும் என் மனைவியும். கீழ்த்தளம் முழுக்கத் தையல்காரம்மாவும் அவள் மகளும். அவர்கள் வீட்டோடு வந்தவர்கள். பழைய வீட்டுக்காரர் காலத்து வாடகை, பழைய வீட்டுக்காரர் காலத்து ஒப்பந்தம். சட்டப்படி நான் அவளை அசைக்க முடியாது என்று வக்கீல் சொன்னார். அதைச் சொன்னதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

என் கணக்கு எளிமையானது. கீழ்த்தளத்தை மூன்றாகத் தடுத்தால் மூன்று குடும்பம் வைக்கலாம். மூன்று வாடகை வந்தால் தவணை அடைபடும், கூரையும் பார்க்கலாம். ஒரு வாடகை வந்தால் யானைக்குச் சோளப்பொரி. ஓரிடத்தில் பூசினால் இன்னோரிடத்தில் பெயர்ந்தது. மழைக்கு முன்னால் தளம் போட்டால் மழைக்கு அப்புறம் மோட்டார் போனது. வட்டி மட்டும் ஒருநாளும் பழுதாகவில்லை.

வங்கி மேலாளரிடம் புதுப்பிக்கும் கடன் கேட்டுப் போனேன். நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"கீழ ஆள வச்சுக்கிட்டு எப்படி சார் இடிச்சுக் கட்டுவீங்க? காலி பண்ணிட்டு வாங்க, அடுத்த வாரமே தர்றேன். இல்லன்னா இருக்கற கடனுக்கே ஏலத்துக்குப் போகும்."

தையல்காரம்மாவிடம் நான் தன்மையாகத்தான் பேசினேன். வேறு இடம் பார்த்துத் தருகிறேன், வண்டி வாடகையும் என் பொறுப்பு என்றேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தெருப்பக்க ஜன்னலை ஒட்டித்தான் மெஷின். போகிற வருகிறவர்கள் அந்த ஜன்னல் வழியாகவே துணியைக் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வார்கள்.

"என் வாடிக்கை எல்லாம் இந்தத் தெருவுலதாண்ணே. வேற எடத்துக்குப் போனா தலைகீழா நின்னாலும் ஒரு ரவிக்கை வராது. இவ படிப்பு முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க. கூடப் பொறந்தவரு மாதிரி நீங்க மேல இருக்கறதாலதான் நான் தைரியமா தூங்கறேன்."

மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. குளிக்கும்போதும் பாட்டுதான். என்னைப் பெரிய மாமா என்பாள். சின்ன மாமா என்று யாரும் இல்லை. ஏன் அப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, "உங்க தொப்பையப் பாத்தா சின்னதுன்னு சொல்ல வாய் வரலியே" என்றாள். நான் சிரித்தேன். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கேஸ் ஹீட்டர் வைத்துக் கொடுத்ததும் நான்தான். பச்சைத் தண்ணீரில் குளித்துப் பிள்ளைக்குச் சளி பிடிக்கிறது என்று தையல்காரம்மா கேட்டாள், வைத்தேன். குழாய்க்காரர் குளியலறைச் சுவரில் கையளவுக்கு ஓர் ஓட்டை போட்டார். அந்தச் சின்ன அறைக்கு அதுதான் மூக்கு.

"இதை மட்டும் எந்தக் காலத்துலயும் அடைச்சுடாதீங்க சார். அந்தப் புகை கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆளையே தூக்கிடும்."

சொல்லும்போது நானும் என் மனைவியும் நின்றிருந்தோம். தையல்காரம்மா ஜன்னலில் யாருக்கோ அளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

குளிர் வந்தது. மேலாளர் கடைசித் தேதி சொல்லி அனுப்பிய வாரத்தில், தையல்காரம்மா மாடிப்படியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த ஓட்டை வழியா ஊதக்காத்து வருது. பிள்ள குளிச்சிட்டு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு வருது. அதைக் கொஞ்சம் அடைச்சுக் குடுங்கண்ணே."

அது இருக்கத்தான் வேண்டும் என்ற பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது என்றுகூடச் சொல்லலாம். மற்றதெல்லாம் கொத்து வேலை.

மறுநாளே அடைத்தேன். செங்கல் துண்டு வைத்து, கலவை போட்டு, மேலே பழைய டைல்ஸ் ஒன்றைத் தேடிப் பதித்தேன். எது பழையது எது புதியது என்று தெரியாத மாதிரி அமைந்துவிட்டது. தையல்காரம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். ரேடியோ, "மாமா கொத்தனார் ஆயிட்டாரு, இனிமே கூலிதான் கேப்பாரு" என்றாள்.

நான் நினைத்தது இதுதான். தலை சுற்றும், குமட்டும், வீடு ராசியில்லை என்று நினைத்துத் தையல்காரம்மா தானாகவே போய்விடுவாள். முதல் பாதி சரியாக நடந்தது. நாலைந்து நாளில் என்னிடமே வந்து சொன்னாள்.

"குளிச்சிட்டு வந்தா தலை கிறுகிறுன்னு வருதுண்ணே."

"மெஷின்ல குனிஞ்சே கெடந்தா கிறுகிறுக்காம என்ன பண்ணும்? கண்ணாடிய மாத்திப் பாரும்மா" என்றேன்.

போகவில்லை. கண்ணாடியைத்தான் மாற்றினாள்.

அந்தக் காலையில் நான் மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கீழே குளியலறைத் தண்ணீர் ஓடும் சத்தம் எங்கள் சுவர்க் குழாயில் கேட்கும். ஓடிக்கொண்டே இருந்தது. வாளி நிறைந்து வழிகிற நேரமும் தாண்டிவிட்டது. எனக்குப் புரிந்தது, ஐயா. காபியை முடித்தேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அந்த நேரத்தில் குளிப்பது அம்மாதான். மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். கீழே மெஷின் ஓடும் சத்தமும் அதோடு சேர்ந்து கேட்டபோதுதான் எங்கோ கணக்கு தப்பியது தெரிந்தது. அன்றைக்குப் பள்ளி விடுமுறை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டு கேட்கவில்லையே என்று யோசித்தேன். ஓட்டையை அடைத்ததிலிருந்தே பாட்டு மேலே வருவதில்லை.

கதவை உடைத்தது நான்தான். அந்த அளவுக்கு என்னால் ஆனதைச் செய்தேன். பிள்ளையைத் தூக்கி வெளியே கிடத்தினேன். பிரயோஜனமில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் ஓட்டை ஏன் அடைபட்டது என்று கேட்டார்கள். வாடகைக்கு இருப்பவர் கேட்டார், அடைத்தேன் என்றேன். தையல்காரம்மாவும் ஆமாம் என்றாள். விபத்து என்று முடித்தார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அன்று ராத்திரி என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "குழாய்க்காரர் சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க?" விடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனவள், இன்னும் திரும்பவில்லை.

பதினாறு நாள் கழித்துத் தையல்காரம்மா மாடி ஏறி வந்தாள். முதல்முறையாகக் கடைசிப் படிவரை வந்தாள்.

"அடைக்கச் சொன்னது நான்தானேண்ணே? நான் சொல்லாம இருந்திருந்தா எம் பிள்ள இருந்திருக்கும்ல?"

இதற்கு ஒரு மனுஷன் என்ன சொல்லவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வாரம் மேலாளர் மறுபடி போன் செய்திருந்தார்.

"ஆமாம்மா. நீதான் கேட்ட" என்றேன். "இந்தச் சுவரப் பாத்துக்கிட்டே நீ எப்படி இங்க இருக்கப்போறே?"

அந்த மாதக் கடைசியில் காலி செய்தாள். மெஷினை வண்டியில் ஏற்ற நானே ஒரு பக்கம் பிடித்தேன். முன்பணத்தைக் கையில் கொடுத்தபோது, சாகக் கொடுத்தவளுக்குக் காசு எதற்கு என்று ஜன்னல் திண்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். கடன் வந்தது. மூன்றாகத் தடுத்தேன். சுண்ணாம்பு, கழிவறை, தனித்தனி மீட்டர், எல்லாம் ஒழுங்கு. ஒரு குடும்பம்கூட வரவில்லை. பிள்ளை செத்த வீடு என்று தெருவே சொல்லி அனுப்பியது. மூன்று கதவுக்கும் நானே தினமும் பூட்டைத் திறந்து, காற்றாட விட்டு, பூட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வங்கி வந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பூட்டாகப் போட்டது. காப்பாற்ற வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை என்பதால்தான் இப்போது இதையெல்லாம் என்னால் சொல்ல முடிகிறது. மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள், அது சரியாக இருக்காது.

ஆகவே அந்தம்மாவை விட்டுவிடுங்கள். கேட்டது அவள். என்ன ஆகும் என்று தெரிந்தே அடைத்தது நான். தண்ணீர் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். நான் தெரிந்தேதான் அடைத்தேன் என்று அவளிடம் சொல்லவேண்டாம். அவளுக்கு இனி யாருமில்லை, ஐயா. அண்ணன் என்று ஒருத்தன் இருக்கிறான் என்ற தைரியமாவது மிஞ்சட்டும்.