வாசலைத் தாண்டிய குழாய்

ஊசி என்றால் எனக்குப் பயம், ஐயா. சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் கழுத்து ரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் குழாய் இறக்கிப் பிழைக்கும் டாக்டர் நான். எனக்கு ரத்தம் எடுக்க வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். "ஆஸ்பத்திரியில புலி, வீட்ல எலி" என்பாள் மனைவி.

புலிதான். குழாயின் முனை இதயத்தின் வாசலில் நிற்க வேண்டும்; நான் கைக்கணக்கிலேயே நிறுத்துவேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டுக்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, நோயாளியின் உடல்வாகைக் குறை சொல்வேன்.

பிறகு அந்தக் கருவி வந்தது. இதயத்தின் மின்துடிப்பைக் குழாயின் முனையிலிருந்தே பிடித்துத் திரையில் வரையும். முனை வாசலை நெருங்க நெருங்க, துடிப்புக் கோட்டின் முதல் மேடு உயரும். உச்சத்தில் நிறுத்தினால் சரி. தாண்டினால் மேடு கவிழும். வேலைக்கு வந்து எட்டே மாதமான நர்ஸ் ஒருத்தி அதை வைத்து நாற்பது பேருக்குப் பிசகாமல் போட்டாள். "நீங்களும் ஒரு தடவை இதுல பாருங்களேன் சார், ரொம்ப ஈஸி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

நாற்பத்தொன்றாவது ஆள் ஒரு தையல்காரர். அவள் குழாய் போட்டு முடித்த மதியம், கட்டு மாற்ற நானே போனேன். "காலர் பதினஞ்சரை சார், இறுக்கிடாதீங்க" என்று சிரித்தார். குழாயைத் தோலோடு பிணைத்திருந்த தையலைப் பிரித்தேன். குழாயை நான்கு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினேன். மறுபடி தைத்தேன்.

"நெஞ்சு படபடங்குதே சார்."

"பழகிடும்" என்றேன்.

கொஞ்சம் படபடப்பு, ஓர் எக்ஸ்ரே, கருவிக்குக் கெட்ட பெயர். அவ்வளவுதான் என் திட்டம். இதயச் சுவர் எத்தனை மெல்லியது என்று தெரியாதா என்பீர்கள். தெரியும். அதைப் பற்றிப் பாடமே எடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை, இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அவர் போய்விட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கிட்டீங்க" என்று அழுதார். நானும் அழுதேன். நன்றாகவே வந்தது.

நர்ஸ் தப்பித்துவிட்டாள். உச்சத்தில் நின்ற மேட்டைக் கருவி அன்றே காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்தது. என்னையும் யாரும் சந்தேகிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் விசாரணை அறிக்கையில், 'கட்டு மாற்றியபோது சரியாகத் தைக்காததால் குழாய் தானாக நழுவியிருக்கலாம்' என்று எழுதிவிட்டார்கள்.

அதைத் திருத்தத்தான் போலீஸ் ஸ்டேஷன் வரை வந்தேன், ஐயா. நான் தைத்த குழாய் தானாக நழுவாது.