பொரிக்காத நாலாயிரம் முட்டை

சரி... புள்ளிவிவரமெல்லாம் போதும். ஒரு சின்ன சம்பவம் சொல்றேன், கேளுங்க.

நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகம். அங்க கோகிலவாணின்னு ஒரு பொண்ணு வேலை பார்த்தா. வயசு பத்தொன்பது. பன்னெண்டாவதுல நல்ல மார்க். பாலிடெக்னிக் போறேன்னு கேட்டப்ப அவங்க அப்பா சொன்னாரு, "ஸ்பானர் புடிக்கிற வேலையெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சாமி?" அவளும் பேசாம முட்டை அடுக்கப் போயிட்டா.

ஒரு நாள் காலை பத்து மணி. மெஷினுக்குள்ள நாலாயிரம் முட்டை. மறுநாள் பொரிக்கணும். ஓட்டுக்குள்ள இருந்து கீச் கீச்னு சத்தமே கேக்குது... அந்த நேரம் பார்த்து உள்ள இருக்கிற ஃபேன் நின்னு போச்சு. திரையில ஒரு எழுத்து, ஒரு நம்பர். என்ன அர்த்தம்? பதினோரு பேர் சுத்தி நின்னு பார்க்கிறாங்க... ஒருத்தருக்கும் தெரியல.

முதலாளி ராசப்பன் மெஷின் கம்பெனிக்கு போன் போட்டாரு.

"சார், எங்க ஆளு பெங்களூர்ல இருக்காரு. சாயங்காலம் வந்துடுவாரு."

"சாயங்காலமா? அதுக்குள்ள குஞ்செல்லாம் செத்துப் போயிருமுங்க!"

கதவை மூடினா உள்ள வெந்து போகும். திறந்தா குளிர்ந்து போகும். மூடினாங்க, திறந்தாங்க, அட்டையால விசிறினாங்க. கோகிலவாணி முட்டைத் தட்டுல காதை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. மத்தியானம் சத்தம் குறைஞ்சுது. மூணு மணிக்கு... ஒண்ணுமே கேக்கல.

அஞ்சு மணிக்கு ஆள் வந்தாரு. திரையைப் பார்த்தாரு. "ஃபேனுக்குக் கரண்ட் விடுற ரிலே போயிருச்சு. அவ்வளவுதான்." மெஷினோட பக்கவாட்டு மூடியைக் கழட்டினாரு. உள்ள ஒரு சின்ன டப்பா. "ஸ்பேர் இங்கயே வெச்சுக் குடுத்திருக்கோமே... யாரும் பார்க்கலையா?"

மாத்தினாரு. பத்து நிமிஷம். ஃபேன் ஓடுச்சு. யாருக்காக ஓடுச்சு?

கோகிலவாணி கேட்டா, "சார்... தெரிஞ்சிருந்தா இதை நானே செஞ்சிருக்கலாமா?"

"தாராளமா செஞ்சிருக்கலாம்மா."

வீட்டுக்குப் போனா. "அப்பா, நான் படிக்கப் போறேன்."

"என்ன சாமி திடீர்னு?"

"அஞ்சு மணி நேரம் அதுங்க சாகுறதைக் காதால கேட்டுக்கிட்டு இருந்தேன்ப்பா. இன்னொரு தடவை என்னால முடியாது."

மறு வாரம் அப்பாவே வண்டியில கூட்டிட்டுப் போய் பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் சேர்த்து விட்டாரு.

படிப்பு சுலபமா வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். முதல் வருஷம் கணக்குல ஃபெயில். திரும்ப எழுதினா. இன்னைக்கு அந்த வட்டாரத்துல எந்தப் பொரிப்பகத்துல மெஷின் நின்னாலும், அரை மணி நேரத்துல வந்து நிக்கிறது அவதான்.

பிள்ளைங்களே... நம்ம ஊர்ல மெஷினுக்கா பஞ்சம்? தறியில இருக்கு, ஆஸ்பத்திரியில இருக்கு, உங்க அப்பா ஓட்டுற டிராக்டர்ல இருக்கு. எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு. அதைத் தெரிஞ்ச ஆளுதான் இன்னும் வரல. அந்த ஆளு வெளியூர்ல இருந்து வரணும்னு நாம போனைப் போட்டுட்டுக் காத்திருக்கோம். ஏன் காத்திருக்கணும்? இந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருக்கிற உங்கள்ல ஒருத்தரா அது ஏன் இருக்கக் கூடாது?

வாசல் மேசையில பாலிடெக்னிக் விண்ணப்பம் வெச்சிருக்கோம். பொண்ணுங்க முதல்ல எடுத்துக்கோங்க.