பாறைத்தேன்

இன்று மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் மலைமேல் குண்டனி நாட்டு மைத்துனர்கள் இருவர் நின்றார்கள். அண்மையில் திறந்த தேன் சீசாக்களைப் பற்றிப் பேச்சு.

“நாவப்பூத் தேனு தொண்டையில கசக்குதுங்க, மச்சான்.”

“கொஞ்ச நாள் கெடக்கோணும், அவசரக்காரா. எங்க ஊட்ல தொறந்தது கடுக்காப்பூ. நல்ல துவர்ப்பு.”

இளையவர் குரலைத் தாழ்த்தினார். “இந்த வருசம் பாறைத்தேனுக்கு நான் எறங்கலீங்க.”

“ஏன் மாப்ளே?”

“உங்க தங்கச்சிதான் கண்ண மூடிட்டாளே. இனி எனக்குக் கயிறு புடிக்க வருவீங்களோ என்னமோ.”

தேனுக்காகப் பாறையில் இறங்குபவனின் கயிற்றை இங்கே மனைவியின் அண்ணனிடம்தான் கொடுப்பார்கள். தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான்.

வரிசை நகர்ந்தும் மூத்தவர் நகரவில்லை.

“வேற மச்சான் பாத்து வெச்சிருக்கியா?”

“இல்லீங்க.”

“அப்புறம் கயித்த எவங்கிட்டக் குடுப்பே? வெள்ளிக்கெழம வாரேன்.”