பதினான்காம் எண்ணை அமுக்கியது யார்

பெயர் ஜோதிலட்சுமி, வயது 43, கணவர் பெயர் குமரகுரு. ஆய்க்குடியில் குடியிருந்து வருகிறேன். தென்காசியில் திரு. ஆறுமுகநயினார் நடத்தும் மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் கணினிப் பொறுப்பாளராக இருக்கிறேன். உதவி ஆய்வாளர் திருமதி ஷெர்லின் விசாரிக்க நான் சொல்வதாவது:

எங்கள் பில், இருப்பு எல்லாம் ஒரு பழைய சர்வரில் ஓடுகின்றன. அவரவர் கணினியில் ஒரு ஜன்னலைத் திறந்தால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக அதன் மெனு வரும். எண்ணைத் தட்டி என்டர் அடிக்க வேண்டும்.

சென்ற வியாழக்கிழமை மதியம், ஒரு மருத்துவமனைக்காகத் தயாரித்த விலைப்பட்டியல் பில் பிரிவு புவனேஷின் மெயிலிலிருந்து போட்டி நிறுவனத்துக்குப் போய், ஆர்டர் கைநழுவியது. அதன் பிறகு முதலாளி புவனேஷ் மீது புகார் கொடுத்தார். அந்த நேரம் புவனேஷ் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தான். சாரல் காலத்தில் எங்கள் ஆட்கள் முறைவைத்து மதியம் அருவிக்குப் போவார்கள், திரையை மூடாமல் அப்படியே விட்டுப் போவார்கள். போனிலிருந்து அனுப்பியிருப்பான் என்றார் முதலாளி. வழக்கு என்று ஆகிவிட்டால் தென்காசியில் எந்த மருந்துக் கடையும் அவனைச் சேர்க்காது. எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படிப் போனது என்று தெரியாமல் சோறும் இறங்கவில்லை.

இன்று காலை உதவி ஆய்வாளர் புவனேஷை எங்கள் அலுவலகத்துக்கே அழைத்து வந்தார். அந்தப் பச்சை மெனுவே மெயிலை அனுப்பியிருக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதன் பிறகு புவனேஷின் கணினியில் மெனுவில் ஒரு எண்ணைக் கொடுத்தேன். கால்குலேட்டர் திறந்தது. சர்வர் உத்தரவு போட, எதிரே இருக்கிற கணினி தன்னிடம் உள்ள புரோகிராமைத் திறக்கும், மெயிலும் அப்படித்தான், உட்கார்ந்திருப்பவர் யாரானாலும் அந்தக் கணினி யாருடையதோ அவர் பெயரில்தான் போகும் என்று விளக்கினேன். அவர் இன்னொரு தடவை திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

பதினான்காம் எண்ணில் முன்பு சரக்கு இருப்பு வரும். முதலாளி சொல்லித்தான் போன மாதம் அதை மாற்றி, விலைப்பட்டியல் எங்கள் பிரதிநிதிகள் அனைவருக்கும் தானாகப் போகும்படி வைத்தேன். அவர்களில் ஒருவர் விலகிப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். அவர் மெயில் முகவரியை அதிலிருந்து யாரும் நீக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை அமுக்கியது யார் என்று கேட்டால் எல்லாரும் கையை விரித்தார்கள்.

அதன் பிறகு முதலாளி, "இதுல எவனும் மெயில் அனுப்ப முடியாது மேடம். நான் வருசக்கணக்கா அப்பப்ப யார் சீட்டுலயாவது உக்காந்து சரக்கு பாக்கேன். இங்கன பாருங்க" என்று புவனேஷின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மெனுவை வாசிப்பதே கிடையாது, விரல்தான் வாசிக்கும். உதவி ஆய்வாளரைப் பார்த்துக்கொண்டே பதினான்கைத் தட்டி என்டர் அடித்தார். நான் தடுப்பதற்குள் மெயில் ஜன்னல் திறந்து, அனுப்பிவிட்டு, மூடிக்கொண்டது. பட்டியல் இரண்டாம் முறையும் அதே ஆளுக்குப் போனது.

"சரக்கே வரமாட்டேங்குது. அன்னைக்கும் இப்படித்தான் ஒரு பெட்டி வந்து மறைஞ்சுது" என்றார் முதலாளி.

"என்னைக்கு அண்ணாச்சி?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. புவனேஷ் பக்கம் திரும்பி, "ஏலே புவனேஷ், காலையில சாப்பிட்டியாலே?" என்றார். புவனேஷ், "இல்ல அண்ணாச்சி, ஸ்டேஷன்ல இருந்தேன்" என்றான்.

நான் கண்டதையும் செய்ததையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.

(ஒப்பம்) கு. ஜோதிலட்சுமி