மேலேயே எழுதியிருந்த முகவரி

நான் கல்லூரித் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கில்லை. அவிநாசிப் பேருந்தில் முன்னிருக்கையில் இருவர் உரக்கப் பேசினர்.

“ஏனுங்க, எனக்கு வேலை போயிருச்சுங்க. வேற மில்லுக்கு வேலை கேட்டு எழுதுனது ஆபீஸ் மெயில்ல போயிருச்சு.”

“சொந்த மெயில் இல்லீங்களா?”

“ரெண்டையும் ஒரே ப்ரோகிராம்ல வெச்சிருந்தனுங்க. பதில் ஆபீசுக்கே வந்துச்சு. மொதலாளி படிச்சுப்போட்டாரு.”

“எந்த மெயில்ல இருந்து போகுதுன்னு பாக்கலீங்களா?”

“மேலயே எழுதியிருந்துச்சுங்க. அவரு சாமி கும்பிட்டு வாரதுக்குள்ள அனுப்போணும்னு அவசரமுங்க.”

“அந்த மில்லுக்கே போயிருங்களேன்.”

“அந்த மொதலாளி இவருக்குச் சம்பந்தின்னு அப்புறந்தானுங்க தெரிஞ்சுது. இனி யாரு சேர்த்துவாங்க?”

கருமத்தம்பட்டியில் வேலை போனவர் இறங்கினார். கணினி அவரைக் கெடுத்துவிட்டதென்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். அது சரியன்று. கணினி அனுப்பும் முகவரியைக் காட்டியது, அவர் பார்க்கவில்லை.